தவறணைக் காவல்

கள்ளு விற்கும் தவறணையின் தென்னங்கிடுகு வேலிக்கு வெளியே மறைந்து நின்றான் மீராமுகைதீன். உள்ளே வேலப்போடி இருந்தார்.

இவன் மாமனாரின் வயலைச் செய்பவர். குடிவெறியில் உழவு மெசினைப் பொலிஸ் ஜீப்பில் மோதியவர். இனிக் குடித்தால் மறியல், சிறைதான் என்று நீதவான் சொல்லியிருந்தார். அவரைக் கண்காணிக்க வேண்டிய நன்னடத்தை உத்தியோகத்தன் இவன்.

முதல் நாள் இவன் நோட்டம் பார்க்க வந்தபோது அவர் இல்லை. மறுநாளிலிருந்து, இவன் வந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து நுழைவார். அவர் வாயை மோந்து பார்த்தும் பிடிபடவில்லை. கள்ளு எப்படி மணக்கும் என்று இவனுக்கு எங்கே தெரியும்? கையும் போத்தலுமாகப் பிடித்தால்தான் கோட்டில் நீதவானிடம் சொல்லலாம்.

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் இருமியது. மாமனார் அப்துல் ஹமீட், பள்ளிவாசல் நிர்வாகி. இவன் குடியிருப்பது மனைவி ஸப்னாவின் சீதன வீட்டில். மாமனார் கண்டால் மருதமுனையில் படுக்கப் பாய் மிஞ்சாது.

உள்ளே பாய்ந்தான். வேலப்போடி பின்பக்கத்தால் நழுவினார்.

"வாங்க சேர், புதுக் கள்ளு" என்றான் விற்கிற தினேஸ்.

"வேணாம். சும்மா நிக்கன்."

"சும்மா நிண்டாத்தான் சனம் சந்தேகப்படும். கோப்பையக் கையில பிடிங்க."

நியாயமாகப் பட்டது. பிடித்தான். தெருவை எட்டிப் பார்த்ததில் பாதி போட்டிருந்த சேட்டில் கொட்டியது. அத்தர் பூசினான். கலியாண வீட்டில் யாரோ வாந்தி எடுத்தது போல மணந்தது. கடலில் இறங்கிக் கழுவினான். அலை செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் கொண்டுபோனது. கண்ணாடி இல்லாமல் தள்ளாடித்தான் வீடு வர முடிந்தது.

வாசலில் மாமனார். பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள்.

"என்ன மருமகன் இது?"

"கடல்ல விழுந்திட்டன் மாமா."

"செருப்பு?"

"அதுவும்."

ஸப்னா மூக்கைப் பொத்தினாள். சொன்னால் வேலப்போடிக்கு மறியல். சொல்லாவிட்டால் இவனுக்குத் தெரு.

"வேலப்போடியப் பிடிக்கத்தான் போனன். அவர் ஒவ்வொரு நாளும் தவறணைக்குப் போறார். நாளைக்குக் கோட்டில சொல்லப் போறன்."

மங்கலான ஆள் செருமினார். வேலப்போடி.

"சோடாதான் குடிச்ச நான், சேர்" என்றார், பாவப்பட்ட குரலில்.

மூக்கிலிருந்து கையை எடுக்காமலே ஸப்னா சொன்னாள்: "குடிய விட்ட ஆளுக்குத்தான் குடிகாரனத் தெரியும் எண்டு, முதல் நாள் உங்கள அங்க கண்ட வாப்பாதான் இவர உங்களுக்குப் பின்னால நோட்டம் பாக்க அனுப்பினவர்."