பிளேடு தளர்த்தும் மாப்பிள்ளை

"வேலை முடிஞ்சதும் பிளேடைத் தளர்த்துவியா, மாட்டியா?"

பெண் கேட்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஷவ்கி வாயிலிருந்த மஷப்பக் இனிப்பை மெல்லாமலே விழுங்கினான். எதிரே உட்கார்ந்திருந்தவர் உஸ்தா ஷர்பாஸி, எகிப்தின் தும்யாத் நகரில் தச்சர்களுக்கெல்லாம் தச்சர்; அதனால்தான் ‘உஸ்தா’ என்ற பட்டம். அவர் மகள் இப்திஹாலைக் கட்டிக்கொள்ள ஷவ்கி வருடக்கணக்கில் தவம் கிடந்தவன்.

தும்யாத்தில் பட்டை ரம்ப மெஷின் இல்லாத சந்தே கிடையாது. இரண்டு சக்கரங்களில் பெல்ட் போல ஓடும் அதன் பிளேடைக் கடையடைக்கும்போது கைப்பிடியைத் திருகித் தளர்த்தி வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, முறுக்கோடு அப்படியே விட வேண்டும் என்று இன்னொரு கட்சி. காப்பிக் கடையில்கூட இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேசை. மாறி உட்கார்ந்தவனுக்கு டீ ஆறித்தான் வரும்.

"தினமும் தளர்த்துவேன் மாமா," என்றான் ஷவ்கி. பிறந்ததிலிருந்து அவன் அதைச் செய்ததில்லை.

"அதானே! ஒரு இரும்புப் பட்டைக்கு ஓய்வு குடுக்கத் தெரியாதவன் பொண்டாட்டிக்கு எங்கேர்ந்து குடுப்பான்? ஆனா வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ண மாட்டேன். ஒரு வாரத்துக்குச் சாயங்காலமா வந்து பார்ப்பேன்."

வந்து பார்க்கட்டும், அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை மஹ்ரூஸ்தான். பட்டறையில் ஷவ்கியின் கூட்டாளி. இறுக்கும் கட்சியில் தீவிரவாதி. "இன்னிக்குப் பிளேடைத் தளர்த்துறவன் நாளைக்குப் பேச்சையும் தளர்த்துவான். அப்படிப்பட்டவனோட நான் ஒரு நாள் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டுச் சேர்ந்தான். செதுக்கு வேலைக்கு அவன் கை இல்லாவிட்டால் ஷவ்கி விறகுக் கடைதான் வைக்க வேண்டும்.

எனவே, மஹ்ரூஸ் வீட்டுக்குக் கிளம்பியதும் ஷவ்கி தளர்த்தினான். உஸ்தா வந்து பிளேடைச் சுண்டிப் பார்த்து, தொளதொளவென்று ஆடுவதைக் கண்டு பூரித்துப் போனார். காலையில் மஹ்ரூஸ் வருமுன் ஷவ்கி ஓடிவந்து இறுக்கினான். இரண்டு நாள் பிழைப்பு ஓடியது.

அடுத்த நாள் காலை ஃபூல் விற்கும் தள்ளுவண்டியில் கூட்டம். ஷவ்கி அவித்த மொச்சையும் ரொட்டியுமாக வந்து சேர்வதற்குள் மஹ்ரூஸ் சுவிட்சைப் போட்டிருந்தான். பிளேடு சக்கரத்திலிருந்து கழன்று துள்ளி, பக்கத்தில் சாத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டைக் கிழித்துவிட்டது. இப்திஹாலுக்காக ஷவ்கி பார்த்துப் பார்த்துச் செய்த கல்யாணக் கட்டில் அது.

"எவன்டா தளர்த்தினது?"

"குளிருப்பா. கடல் காத்துல இரும்பு தானா தளருது."

"குளிருல இரும்பு சுருங்கும்டா!"

"அப்போ எலியா இருக்கும்."

"எலி வந்து கைப்பிடியைத் திருகுமா?"

"தும்யாத் எலிக்குத் தச்சுவேலை தெரியாதுன்னா சொல்ற?"

மஹ்ரூஸ் நம்பினானோ என்னவோ, பிளேடை மறுபடி மாட்டி இறுக்கி, கைப்பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் உஸ்தா வந்தார். "என்னப்பா பூட்டு?"

"தளர்த்தினதை யாரும் இறுக்கிடக் கூடாதுன்னுதான் மாமா."

உஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கொடுத்த கையோடு, பழக்க தோஷத்தில் பிளேடைச் சுண்டினார். அது முறுக்கேறிய தந்திபோல் ஒலித்தது.

"டிங்!"

மறந்துவிட்ட சிகரெட் பெட்டியை எடுக்க மஹ்ரூஸ் திரும்பி வந்ததும் அந்த நேரத்தில்தான்.

"இவன் தினமும் தளர்த்துறவனாம்!" என்று உஸ்தா அவனிடம் பொரிந்தார்.

"யாரு, ஷவ்கியா?" மஹ்ரூஸ் நண்பனின் மானத்தைக் காப்பாற்ற நெஞ்சை நிமிர்த்தினான். "அபாண்டம்! அம்மா மேல ஆணையா சொல்றேன், இவன் ஒரு நாள்கூடத் தளர்த்தினது கிடையாது!"

ஷவ்கிக்கு அழுகை வந்துவிட்டது. "பொய்தான் மாமா. இப்திஹால் மேல உள்ள ஆசையில சொல்லிட்டேன்."

"பொண்ணு கிடையாது, போ! இல்ல, நில்லு. முதல்ல ரெண்டு பேரும் என்கூட வாங்க. ஒரு பிளேடை எப்படி வெச்சுக்கணும்னு கண்ணால பார்த்துட்டுப் போங்க."

உஸ்தா இருவரையும் தரதரவென்று தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. "என் பிளேடு ஒவ்வொண்ணும் வருஷக்கணக்கா உழைக்குது. ஏன்? தினமும் ஓய்வு! உன்னைப் பார்க்கக் கிளம்பறப்போகூட என் கையாலதான் தளர்த்திட்டு வந்தேன். இப்போ பாரு."

சுண்டினார்.

"டிங்!"

உஸ்தா பிளேடையே பார்த்தார். மறுபடி சுண்டினார். அதே டிங்.

"எலியா இருக்கும்," என்றான் மஹ்ரூஸ்.

மாடிப்படியில் டீத் தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்த உஸ்தாவின் மனைவி தவ்லத், கடைசிப் படியில் நின்று சொன்னாள்: "நீங்க தளர்த்திட்டுக் கிளம்பினதும் தினமும் நான்தாங்க வந்து இறுக்கி வைப்பேன், காலையில இறுக்கணும்னு உங்களுக்கு என்னிக்கு ஞாபகம் இருந்திருக்கு? இப்திஹாலுக்கும் கத்துக் குடுத்தாச்சு, நீங்க ஃபாத்திஹாவை ஓதுங்க!"