டிரெய்லரோடு வா, பாரைத் தூக்கிக்கொண்டு போ

ராக்ஹாம்ப்டன்,
வியாழக்கிழமை மாலை

அன்புள்ள மச்சான் ட்ரெவருக்கு,

உன் அக்காள் கணவன் கெல் எழுதுவது. மெக்கேயில் நீயும் சாண்ட்ராவும் மழை, முதலை, கரும்பு விலை எதனாலும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். உன் அக்காள் கிளெனிஸின் முழங்காலும் என் மனதும் மட்டும் அதில் சேராது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். அடுத்த வாரச் சனிக்கிழமை டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து, என் கொட்டகையில் இருக்கும் பாரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடு. கவுன்டர், குளிர்பெட்டி, பீப்பாய், குழாய் எல்லாமே உனக்குத்தான். எனக்கு ஒன்றும் தர வேண்டாம். அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஒரு பெரிய ஸ்பேனரும் கொண்டு வா. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை இழைத்து அந்தக் கவுன்டரைக் கொட்டகைக்கு உள்ளேயே வைத்துச் செய்துவிட்டேன், கதவு வழியாக வெளியே வராது என்று செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கத் தகரச் சுவரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் தெருமுனைப் பப்பைப் புதுப்பித்த கதை உனக்குத் தெரியும். சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள், உருளைக்கிழங்கு வறுவலைச் சின்ன வாளியில் வைத்துக் கொடுத்தார்கள், நானும் பக்கத்து வீட்டு நெவிலும் ரெக்ஸும் மோரியும் வெள்ளிக்கிழமை தவறாமல் உட்கார்ந்த மேசையை எடுத்துவிட்டு அங்கே காசு விழுங்கும் சூதாட்ட மெஷினை வைத்தார்கள். "மாப்ள, இங்க உக்காந்தா எங்கப்பன் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில காத்திருந்த மாதிரியே இருக்குடா," என்றான் ரெக்ஸ். அப்போதுதான் நான் வாயை விட்டேன், "கவலைய விடுங்கடா, நானே ஒரு பார் கட்டுறேன், பீரும் நானே காய்ச்சுறேன்" என்று.

கட்டின கதையை எங்கிருந்து தொடங்குவது. குழாய் மாட்டக் குளிர்பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டேன், உஸ் என்று ஒரு சத்தம், உள்ளே ஓடும் கேஸ் குழாயைத் துளைத்துவிட்டேன். பெட்டி செத்தது. அது நான் துளைக்க நினைத்த பழைய பெட்டி இல்லை, கிளெனிஸ் கிறிஸ்துமஸுக்கென்று இறாலும் பாராமுண்டி மீனும் அடைத்து வைத்திருந்த நல்ல பெட்டி, பழைய பெட்டி அதற்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குத் தெரு முழுக்கக் கூப்பிட்டு மீன் சுட்டுப் போட்டோம், உன் அக்காள் மட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை. பிறகு நம் ஆஸ்திரேலியாவின் ஜனவரிக் கோடை வெயிலில் முதல் டிரம் பீரை நொதிக்க வைத்தேன். கொட்டகைக்குள் இருந்த சூட்டில் ஈஸ்ட்டுக்கு வெறி பிடித்து, மூடி பறந்து, ஜன்னல் வழியாக நுரை போய்க் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் மேல் விழுந்தது. "கெல், நீ பேசாம பப்புலயே குடிச்சிருந்தா நமக்கு மெத்தையாவது மிஞ்சியிருக்கும்," என்றாள் உன் அக்காள். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவள் பேசும் விதம்.

எப்படியோ திறப்பு விழா வந்தது. மூவரும் வந்தார்கள், எப்போதும் அரைக்கால் சட்டையில் திரியும் மோரி முழுக்கால் சட்டையே போட்டிருந்தான். குழாயை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் கிளாஸைச் சாய்க்கும் கோணத்தில்தான் எல்லாமே இருக்கிறது. பப்பில் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்குமாகக் காசு கொடுத்து வாங்குவோமே, முதல் கிளாஸ் முடிந்ததும் அந்தப் பழக்க தோஷத்தில் நெவிலின் கை பாக்கெட்டுக்குப் போனது.

"அடுத்தது என் சுற்றுடா."

"இது வீடுடா நெவில். காசெல்லாம் எதுக்கு?"

"அப்ப நான் என்னடா பண்றது?"

"குடி."

அவன் குடித்தான், ஆனால் முகம் தொங்கிப்போனது. உனக்கு நான் சொல்ல வேண்டுமா மச்சான், மற்றவன் சுற்றில் குடித்துவிட்டுத் தன் சுற்று வரும்போது கழிவறைக்குப் போகிறவனை இந்த ஊரில் நாய்கூட மதிக்காது. நான் மூன்று கண்ணியமான மனிதர்களை ஒரே நாளில் அப்படி ஆக்கிவிட்டேன். அடுத்த வாரம் நெவில் ஒரு பை நிறைய இறைச்சி கொண்டுவந்தான், மோரி தக்காளி கொண்டுவந்தான், ரெக்ஸ் கேட்காமலே என் புல்வெளியை வெட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அதற்கடுத்த வாரம் நெவிலுக்கு இடுப்பு வலி, ரெக்ஸுக்குப் பேத்தியின் நீச்சல் போட்டி, மோரிக்கு ஜலதோஷம், அதுவும் இந்த வெயிலில். அதோடு சரி. இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் நான் ஒருத்தன் மட்டும் கவுன்டருக்கு அந்தப்பக்கம் நின்று ஊற்றிவிட்டு, இந்தப்பக்கம் வந்து உட்கார்ந்து குடிக்கிறேன். எனக்குப் பீர் பெரிசு இல்லை மச்சான். அவனுங்கதான் வேணும்.

இதில் என் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் மால்ட் பார்லி எங்கே விளைந்தது, ஈஸ்ட் எந்தச் சூட்டில் விழித்தது, கசப்பு நாக்கின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். மோரி ஒரு தடவை ரக்பி பற்றிப் பேச்செடுத்தான், நுரை அடங்குவதற்குள் வாசனையைக் கவனி என்று அன்பாகத்தான் திருத்தினேன். பப்பில் இந்தக் கவனிப்பு கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே குற்றம் அந்தச் சுற்று வழக்கத்துடையது, என்னுடையது அல்ல. வீட்டில் பீர் காய்ச்சுவோர் கழகத்திலும் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நான்தான் அதன் செயலாளர், ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூட்டம். இன்றும் யாரும் வரவில்லை, சாவி என்னிடம் இருப்பதால் கழகக் கூடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மறக்காதே. சாண்ட்ராவை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உன் நாய்க்கு முதுகில் ஒரு தட்டு.

என்றும் உன் நலம் நாடும்,
கெல்

பி.கு.: கையில் தபால்தலை இல்லாததால் கூட்டம் முடியும் நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் உன் அக்காள் முழங்காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கையில் என் பீர். மூவரும் இருக்கிறார்கள். ரெக்ஸ் என் குழாயைப் பிடித்துக்கொண்டு, "யாரும் எழுந்திரிக்காதீங்க, இது என் சுற்று," என்று எல்லோருக்கும் ஊற்றுகிறான், பாதி கிளாஸ் நுரை. முறை வைத்து ஆளுக்கு ஆள் எழுந்து ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான், அதுவே அவர்களுக்குப் போதுமாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். எல்லா வியாழனும்தான் என்றாள் கிளெனிஸ். "அப்ப வெள்ளிக்கிழமை ஏண்டா வரல?" என்றேன். நெவில்தான் சொன்னான்: "வெள்ளிக்கிழமை நீ இருப்பியேடா."

மோரி நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தேன். ரெக்ஸ் ஊற்றின நுரையைக் குடித்தேன், வாயைத் திறக்கவில்லை. ரக்பி பற்றிப் பேசினார்கள். பிறகு என் முறை வந்தது, எழுந்து ஊற்றினேன், மால்ட் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது நெவில், "நாளைக்கு வெள்ளிதானே, வர்றோம்," என்றான்.

டிரெய்லர் வேண்டாம், நீ மட்டும் வா. உன்னிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த மால்ட் டாஸ்மேனியாவில் விளைந்தது, ஈஸ்ட்டை ஈரத்துணி சுற்றிக் குளிரவைத்தேன், கசப்பு நாக்கின் பின்பக்கம் மெதுவாக வரும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.