சப்பான் கிச்சிலிக்காக எனக்குப் பரிவட்டம் கட்டிய விவரம்

அனுமந்தன்பட்டி,
ஈஸ்வர வருஷம் ஆனி மாதம், திங்கட்கிழமை.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் சின்ன ரைட்டராக இருந்து பெரிய ரைட்டராக ஆக வேண்டிய என் மைத்துனன் மகாராஜராஜஸ்ரீ நல்லகண்ணு அவர்களுக்கு, அக்காள் புருஷன் சுருளியாண்டி எழுதிக்கொண்ட நிருபம். இவ்விடம் நானும் உன் அக்காள் மாயக்காளும் இரண்டு காளைகளும் கிணற்றில் தண்ணீர் உள்ளவரை சுகம். அவ்விடம் உன் மூக்கு நுனியும் காது மடலும் பனியில் மரத்துப்போகாமல் சுகமாக இருப்பதற்கு அடிக்கடி எழுத வேண்டியது. எங்களோடு இருக்கும் உன் சம்சாரம் கருத்தம்மாள் நேற்று மத்தியானம் மார்க்கையன்கோட்டைக்குத் தாய் வீடு போயிருக்கிறாள். தாய்க்குக் கீரை கொண்டுபோகிறேன் என்று ஒரு பெரிய கூடையைத் தலையில் வைத்து, வாடாமல் இருக்க ஈரச் சாக்கால் மூடியிருந்தாள். பொறுப்பான பிள்ளை.

மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட செடி வராது. செடி இல்லாமல் இல்லை. ஒன்பது இருக்கிறது, ஒன்பதும் பச்சைப் பசேலென்று கிணற்றடியில் என் கண்ணெதிரே நிற்கிறது, பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் வராது. இந்தக் கடிதத்தை நீ அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டாம், பாதியிலேயே உள்ளே போட்டுவிடுவாய்.

மார்கழியில் நீ எழுதிய கடிதம் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. துரை மலையில் வைத்த, அவர் ஆரஞ்சு என்று சொல்லும் கிச்சிலி மரங்கள் இரண்டு வருஷமாக உறைபனியில் கருகிப்போனது, அவர் கப்பலில் சப்பான் தேசத்துக் கிச்சிலி விதை வரவழைத்தது, அதன் பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு என்றாலும் வேர் எந்தப் பனிக்கும் அசையாது, அதன்மேல் நல்ல கிச்சிலியை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்றது, போட்ட விதை மலையில் முளைக்காமல் அழுகியது, மிச்ச விதையை என் அக்காள் புருஷரிடம் கொடுங்கள், அவர் கைராசிக்காரர் என்று நீ வாயை விட்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஆடி பிறக்குமுன் செடி வந்தால் நீதான் பெரிய ரைட்டர் என்று துரை சொன்னதும் இருக்கிறது. பெரிய ரைட்டருக்குத்தான் தனி வீடு, தனி வீடு இருந்தால்தான் சம்சாரத்தை அழைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒண்டிக்கட்டைகளோடு லயத்து வரிசை அறையில்தான் கிடக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. நீயும் கருத்தம்மாளும் சேர்ந்து இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தனையும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

விதை வந்த டப்பாவைத் திறந்தால் ஈரக் கரித்தூளுக்குள் புதைந்து கிடந்தது. வழியில் மழை பட்டுக் கெட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து, அலசி, சாம்பலில் புரட்டி, பூசணி விதைக்குச் செய்வது போல மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தேன். கலகலவென்று அழகாகக் காய்ந்தது. அதற்குப் பிறகுதான் டப்பா மூடிக்குள் நீ மடித்து வைத்திருந்த சீட்டு கண்ணில் பட்டது. இந்த விதை காய்ந்தால் செத்துவிடும், ஈரம் மாறக் கூடாது என்று எழுதியிருந்தாய். விதையைக் காயவைக்காதே என்று சொல்லும் ஒரு ஜாதி மரம் உலகத்தில் இருக்கும் என்று நான் கண்டேனா? சீட்டை மேலே வைத்திருக்கலாம். நல்லவேளையாக, நான் குப்பையில் கொட்டிய கரித்தூளில் ஒட்டிக்கொண்டு போன ஏழு விதையைக் கருத்தம்மாள் பொறுக்கி ஈரத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். வெயிலில் போட்ட நாற்பதும் போச்சு, குப்பையில் போட்ட ஏழு பிழைத்தது.

அதே சீட்டில் இன்னோர் உத்தரவு, விதையை ஒரு மாதம் குளிரில் வைக்க வேண்டும் என்று. கம்பம் பக்கத்தில் குளிருக்கு நான் யார் வீட்டுக்குப் போவது? தை மாதமாக இருந்தது ஒரு ஆறுதல். ஏழையும் ஈரமணலோடு ஒரு கலயத்தில் போட்டு, கிணற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பத்தாம் நாள் மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது தண்ணீர்ச் சால் இடித்துக் கலயம் உள்ளே போய்விட்டது. நான் இறங்கி மூழ்கினேன். முதல் மூழ்கலில் உன் அக்காள் போன வருஷம் தொலைத்த செம்பு கிடைத்தது. இரண்டாவதில் அதன் மூடி கிடைத்தது. மூன்றாவதில்தான் கலயம். உன் அக்காள் செம்பைத் துலக்க ஆரம்பித்துவிட்டாள், கலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனியில் முளைத்தது. ஏழு விதைக்கு ஒன்பது முளை. இரண்டு விதையில் இரட்டைப் பிள்ளை. அதற்குப் பிறகு நான் செடிப் பக்கம் போகவே இல்லை, என் கை பட்டால் என்ன ஆகுமோ என்று எனக்கே பயம். கருத்தம்மாள்தான் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள், ஆட்டை விரட்டினாள், வெயில் ஏறினால் ஓலை வைத்து மறைத்தாள். ஒரு சாண் வளர்ந்ததும் முள் வந்தது. இலை மூன்று மூன்றாக விரிந்தது. முள்ளும் மூன்று இலையும் ஒரே செடியில் வந்தால் நம் ஊரில் அதை என்னவென்று சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

பக்கத்துத் தோட்டத்து அக்கம்மாள் களை பறிக்க வந்தவள் பார்த்துவிட்டுக் களைக்கொட்டைக் கீழே போட்டுக் கும்பிட்டாள். போன ஐப்பசிக் காற்றில் நம் ஈஸ்வரன் கோயில் வில்வமரம் வேரோடு சாய்ந்ததிலிருந்து ஊருக்கு அதே குறைதான். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கோயில் பண்டாரம் பலவேசம் முட்டி வலியோடு மலையடிவாரம் வரை போய் இலை பறித்து வருகிறார். அக்கம்மாள் சொல்லி அரை நாழிகையில் அவர் என் கிணற்றடியில் நின்றார். இது வில்வம் இல்லை, சப்பான் கிச்சிலி, துரை கொடுத்த விதை, இலையைக் கசக்கி மோந்து பாருங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சப்பான்காரனுக்கு மூணு எலை எதுக்குய்யா? மரம் விழுந்த ஊருக்குச் சாமி தானா வந்துருக்காக. கிச்சிலின்னு சொல்லி வெரட்டிப்புடாதீக" என்றார்.

நான் இன்னும் சொல்லியிருப்பேன், மாப்பிள்ளை. அதற்குள் அடுத்த பிரதோஷம் வந்துவிட்டது. அன்று கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். இத்தனை வருஷத்தில் பெரிய வீட்டுக்காரர் தலையைத் தவிர வேறு தலையை அந்தப் பட்டுத்துணி பார்த்ததில்லை. எனக்குக் கட்டினார்கள், மேளம் அடித்தார்கள், முதல் விபூதி கொடுத்தார்கள். கிச்சிலி என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது, பரிவட்டம் இறுக்கமாக இருந்ததால் திரும்பிப் போய்விட்டது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு ஆசையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கலாம் என்றால் கோயிலிலேயே அவிழ்த்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பண்டாரம் வந்து இலை பறிக்கிறார். செடி ஒரு சாண், இலை மொத்தமே ஐந்தாறு கொத்து. இப்படிப் போனால் கார்த்திகைக்குள் ஒன்பதும் மொட்டைக் குச்சியாகிவிடும். போன பிரதோஷத்தன்று கருத்தம்மாள் கையில் தண்ணீர்ச் செம்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பண்டாரம் போன பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, மலையில பெரிய ரைட்டர் வீட்டுக்குள்ளயே நெருப்புப் போட எடம் கட்டியிருப்பாகளாமே, நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான் தங்கச்சி என்றேன். செம்பில் இருந்த தண்ணீரைச் செடிகளுக்குத் தெளிக்கப் போய்விட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை. பரிவட்டம் கட்டிய தலை அன்றைக்குக் கனத்தது.

திருட்டுத்தனமாகவாவது அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். போடி மெட்டு ஏறும் பொதிமாட்டுக்காரர் முத்துவீரன் நம் ஊர் வழியாக வருவது திங்கட்கிழமை ஒரு நாள்தான். வில்வத்தில் கை வைக்கக் கூடாத நாளும் திங்கட்கிழமைதான். வில்வம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் திங்கட்கிழமைக்குத் தெரியாதே. மூன்று திங்களாக முத்துவீரன் வாசலில் மாட்டை நிறுத்தி, செடி இருக்கா என்று கேட்பார், நான் வானத்தைப் பார்ப்பேன். இன்று காலையில் அவர் நிற்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார், மனிதருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஒன்பதையும் கோயில் மதிலோரம் நடுவதாக ஊரில் முடிவாகிவிட்டது. மண்ணை முதலில் நான்தான் தள்ள வேண்டுமாம்.

ஆகையால் துரையிடம், விதை முளைக்கவில்லை என்று சொல்லிவிடு. கம்பத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். என்னைக் கைராசியில்லாதவன் என்றும் சொல்லிக்கொள், நான் பொறுத்துக்கொள்கிறேன். கருத்தம்மாள் தாய் வீட்டிலிருந்து திரும்பியதும் நானே எப்படியாவது சொல்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. உன்னையும் அவளையும் பிரித்து வைத்த பாவம் ஒரு முழம் பட்டுத்துணிக்காக என் தலையில் ஏறிவிட்டது, மன்னிக்க வேண்டியது. நீ நீண்ட ஆயுளும், நிறைந்த பதவியும், சளி பிடிக்காத நெஞ்சும் பெற்று வாழ ஈஸ்வரனை வேண்டி ஆசீர்வதிக்கும்,

அக்காள் புருஷன்,
சுருளியாண்டி.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: தபாலில் போடச் சோம்பல்பட்டு இதை நேற்று மாடத்திலேயே வைத்திருந்தேன். இன்று காலையில் பண்டாரம் வந்து ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு, இன்றைக்குத்தான் வாசம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். நானும் மோந்தேன். கிச்சிலி வாசம் துளியும் இல்லை. குனிந்து பார்த்தால் தூரில் மண் புதுசு. உன் அக்காளைக் கூப்பிட்டேன். குழம்புச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவ ஞாயித்துக்கெழமையே பிடுங்கிக் கூடையில வச்சுக் கொண்டுபோயிட்டா. இங்கன நட்டு வச்சது நாந்தேன். வெறகுக்காரி அடிவாரத்துலருந்து கொண்டாந்த அசல் வில்வம். சாமிக்கும் கொறையில்ல, ஒங்க பரிவட்டத்துக்கும் கொறையில்ல."

ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி வைத்துத் திங்கட்கிழமை அனுப்பலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, மாப்பிள்ளை. நான் நேற்று பூராவும் வில்வத்தைப் பார்த்துக்கொண்டே கிச்சிலியைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து அவள் அய்யாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு முத்துவீரன் மாட்டோடு மெட்டு ஏறிவிட்டாளாம். இந்தக் கடிதம் வருமுன் அவள் கூடையோடு உன் லயத்து வாசலில் நிற்பாள். ஆகவே மேலே எழுதிய எதையும் துரையிடம் சொல்ல வேண்டாம். ஒன்பது செடியையும் அவள் கையாலேயே அவரிடம் கொடுக்கட்டும், கைராசி யாருடையது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுச் சாவியை அப்போதே கேட்டு வாங்கிவிடு.

செடி எந்தப் பனியையும் தாங்கும் என்று துரையே சொல்லியிருக்கிறார். கருத்தம்மாள் நம் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். கம்பளி கனமாகப் பார்த்து இன்றைக்கே வாங்கு.