லெந்து காலத்தில் வந்த கிறிஸ்மஸ்

பிள்ளைகளே, தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வதற்குப் பெரிய துணிச்சல் எதுவும் வேண்டாம். கூட்டத்தில் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும், மற்றதை வாய் பார்த்துக்கொள்ளும். எண்பதுகளின் நடுவில், புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் எஸ்டேட் கோயிலில் நடந்த சபைக் கூட்டத்தில் அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செம்பனைக் குலைகளை எடை போடும் வேலை. (படிப்பு ஆறாம் வகுப்பு, தன்னம்பிக்கை பட்டப்படிப்பு.)

எங்கள் கோயிலில் ஓர் ஆர்கன் இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போனது. இரண்டு காலாலும் மிதித்து மிதித்துக் காற்று ஏற்றினால்தான் சத்தம் வரும். அதை வாசித்துக்கொண்டிருந்த கிரேஸ் டீச்சர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார். ஆறு மாதமாக அதற்குள் எலி மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தது.

பாடகர் குழுவுக்குத் தலைவர், எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி தேவசகாயம் ஐயா. லண்டன் தேவாலயத்தில் மாலை ஆராதனையை முழுக்க முழுக்கப் பாட்டாகவே நடத்துவதை ரேடியோவில் கேட்டவர். அன்றிலிருந்து, பகலில் குலை வெட்டியவர்களை மாலையில் வெள்ளை அங்கி மாட்டி நான்கு குரலில் பாட வைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் குளிர் என்பதை ரேடியோ அவருக்குச் சொல்லவில்லை. இரண்டாம் சங்கீதத்துக்குள் அங்கிகளைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். கோயிலின் பருவங்களையும் அவர் விடமாட்டார். கிறிஸ்மஸுக்கு வெள்ளைத் துணி, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் நாற்பது தவ நாட்களுக்கு ஊதாத் துணி. (தையல்காரரிடம் ஊதா இல்லாததால் எங்கள் பீடம் நாற்பது நாளும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும்.) லெந்து காலத்தில் பூ கிடையாது, அல்லேலூயா கிடையாது, சிரிப்பும் கிடையாது.

அன்றைய கூட்டத்தில் ஐயா ஒரு கடிதத்தைப் படித்தார். வாசிக்க ஆளில்லாத ஆர்கனைக் கோலாலம்பூர் சபை கேட்கிறதாம். லெந்தின் ஐந்தாம் ஞாயிறு பேராயரே மாலை ஆராதனைக்கு வருகிறார். வாசிக்க ஆள் இருந்தால் ஆர்கன் இங்கே இருக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை லோரி வரும். ஐயா கடிதத்தை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

"நான் வாசிக்கிறேன் ஐயா" என்றது என் வாய்.

பொய் இல்லை. டீச்சர் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, கட்டைகளில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதி, மூன்று பாட்டுகள் கற்றிருந்தேன். மூன்றும் கிறிஸ்மஸ் பாட்டுகள் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சோப்ரானோ வரிசையிலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உங்கள் அம்மாதான். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது வழி கிடைத்தது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சின்னதாக எண்கள் இருக்கும். வரிக்கு இத்தனை அசை என்று அர்த்தம். எண் ஒத்துப்போனால் ஒரு பாட்டின் ராகத்தில் இன்னொரு பாட்டைப் பாடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஐயா குறித்துக்கொடுத்திருந்த சிலுவைப் பாட்டின் எண்ணும், எனக்குத் தெரிந்த கிறிஸ்மஸ் பாட்டின் எண்ணும் அச்சு அசல் ஒன்று. எடை போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எடை சரியாக இருந்தால் சரக்கு சரி. மெதுவாக வாசித்தால் துக்கம் தானாக வந்துவிடும் என்றும் முடிவு செய்தேன். சங்கீதங்களை ஆர்கன் இல்லாமல் பாடினால்தான் லெந்துக்கு அழகு என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் என் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்தார். பாட்டையும் பாடகர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கலாம் என்றார். ஆர்கனின் காற்றுத் துருத்தியில் எலி கடித்த தோலை ஒட்டவேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஐந்தாம் ஞாயிறு வந்தது. பேராயர் ஊதா அங்கியில் முன்னால் உட்கார்ந்தார். சங்கீதங்கள் முடிந்தன. சிலுவைப் பாட்டு. நான் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சவ ஊர்வலம் போல மிதித்தேன்.

முதல் இரண்டு வரிகளைப் பாடகர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பாடிவிட்டார்கள். ஆனால் பின் பெஞ்சுக்காரர்கள் புத்தகமே பிடிக்காதவர்கள். அங்கே எஸ்தர் அக்கா இருந்தார். உதிரிப் பழம் பொறுக்கும் கூட்டத்தில் அவர் குரல் ஐந்து வரிசை தாண்டிக் கேட்கும். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாக, வீடு வீடாகப் போகும்போது அவர் தலைமையில் பாடுவது இந்த ராகத்தைத்தான். மூன்றாம் வரியில் அவருக்கு அது பிடிபட்டது. கைதட்டினார். கிறிஸ்மஸ் பாட்டு கிளம்பியது. பின் பெஞ்சு முழுக்கச் சேர்ந்துகொண்டது. முன்னால் இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தார், பின்னால் அதே நேரத்தில் தொழுவத்தில் பிறந்துகொண்டிருந்தார்.

எனக்கு எதுவும் தெரியாது. சத்தம் ஏற ஏற, என் வாசிப்பு சபையை எழுப்பிவிட்டது என்றே நினைத்தேன். கண்ணில் நீர்கூட வந்தது. சத்தம் கூட்டுகிற குமிழ்களையெல்லாம் இழுத்துவிட்டு வேகமாக மிதித்தேன். அப்போது பக்கவாட்டில் குழந்தைகள் ஓடும் சத்தம். அந்த ராகம் கேட்டால் மிட்டாய் வரும் என்பது அவர்களுக்குப் பழக்கம். தாத்தா எங்கே என்று பார்க்க மொத்தப் பிள்ளைக் கூட்டமும் வாசலுக்கு ஓடியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தேவசகாயம் ஐயா கைகளைத் தூக்கியபடி உறைந்து நின்றார். உங்கள் அம்மா அங்கிக் கையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பேராயரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆராதனை முடிந்து விருந்து. லெந்து காலம், கறி ஆகாது. அதனால் மிக எளிமையாக, பாசிர் பெனம்பாங்கிலிருந்து நண்டும் இறாலும் இரண்டு கூடை வந்திருந்தன. ஐயா சாப்பிடவில்லை. என்னைப் பேராயர் முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, உனக்கு மொத்தம் எத்தன பாட்டு தெரியும்?" என்று பேராயர் கேட்டார்.

"மூணு ஐயா."

"மூணும்?"

"டிசம்பர் பாட்டு ஐயா."

ஐயா நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். லோரி வந்துவிட்டது போலவே வாசலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானம் போனது என்னுடையது, ஆர்கன் போவது எல்லாருடையதும்.

பேராயர் நண்டுக்காலை உடைத்தபடி, பின்னால் முதலில் பாட ஆரம்பித்தது யார் என்று கேட்டார். எஸ்தர் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"நாந்தாங்க பிஷப் ஐயா. வாயத் தொறந்தேன், அதுவா வந்துருச்சி லா. இந்தப் பையன் அத வாசிச்சா நான் என்னா பண்றது?"

பேராயர் இன்னொரு நண்டுக்காலை எடுத்தார். "கோலாலம்பூர்ல எங்க ஆளுங்க கையில புத்தகத்த வச்சிக்கிட்டே வாயத் தொறக்கிறதில்லம்மா. அங்க கொண்டுபோய் இத யாருக்கு வாசிக்கிறது? இங்கயே இருக்கட்டும்." பிறகு நண்டுக்காலை என் பக்கம் நீட்டினார். "ஆனா இந்தத் தம்பி டிசம்பர் மாசம் தவிர அதுகிட்ட உக்காரக் கூடாது."

ஐயா அதை அப்படியே சபைக் குறிப்பில் எழுதிவிட்டார். மற்ற பதினொரு மாதமும் வாசிக்க, கோல சிலாங்கூரிலிருந்து ஒரு டீச்சரை ஏற்பாடு செய்தார்கள். அவர் ஆர்கன் மூடியைத் திறந்ததும் முதலில் செய்தது பிளாஸ்திரிகளைப் பிய்த்துப் போட்டது.

மறுவருஷம் எங்கள் கல்யாணம். நம் வீட்டில் யாராவது காலம் தவறி ஒன்றைச் செய்தால், அதற்கு உங்கள் அம்மா வைத்திருக்கும் பெயர் உங்களுக்கே தெரியும். பரீட்சை முடிந்த மறுநாள் சின்னவன் புத்தகத்தைத் தேடினானே, அன்றும் 'வாசிச்சிட்டான்' என்றுதான் சொன்னாள்.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். அடுப்பங்கரை வாசலில் நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியில் நீ ரொம்ப அழகாக இருந்தாய் என்று அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முதல்முறை. கோழி நறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டீங்களா பிள்ளைங்களா, அப்பா வாசிச்சிட்டாரு" என்றாள்.