சூனியக்காவின் ஐஸ்கிரீம் பெட்டி

லண்டன் மாநகரத்திலேயே மிகவும் ஆபத்தான பெண்மணி எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று ஏழு மாதங்கள் நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் அல்ல நான். அவருடைய வாசற்படியில் வெள்ளைக் கோடாக உப்பு. கதவில் ஏதோ செடியின் காய்ந்த கட்டு. குசினி யன்னலில் திங்களுக்கு ஒரு நிறம், செவ்வாய்க்கு ஒரு நிறம் என்று மெழுகுதிரி. தோட்டத்துக் கொட்டிலின் கூரையில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல்கள். அதில் நிலவு பட வேண்டுமாம். போதாததற்கு பிரியாணிக்குப் போடுகிற பிரிஞ்சி இலையில் பேனாவால் ஏதோ எழுதி, அதைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். புகை பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் வந்தது.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் தும்மினால் எங்கள் சுவருக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு அவர் தனியாக, இரண்டு சூட்கேஸோடும் வீடு கூட்டும் ஒரு தும்புத்தடியோடும் வந்து இறங்கினார். வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக அந்தத் தும்புத்தடியைத் தலைகீழாகக் கதவு மூலையில் நிறுத்தினார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேவு பார்க்கவில்லை. சும்மா பார்த்தேன்.

மேலதிகத் தகவல் தந்தவர் டூட்டிங்கில் மரக்கறி வாங்கும் கடைக்காரர். "அவ டென்மார்க்கிலை இருவது வருசம் இருந்தவ. உந்தச் சூனிய வேலையை அங்கை வெள்ளைச் சனத்திட்டைப் பழகினதாம், மிச்சம் யூடியூப்பாம். புருசன் எங்கை எண்டு கேட்டால் சிரிக்கிறா" என்றார், வெண்டிக்காயை நிறுத்தபடி. 'சிரிக்கிறா' என்பதை அவர் சொன்ன விதத்தில், அந்தப் புருசன் கொட்டில் கூரையில் உள்ள போத்தல் ஒன்றுக்குள் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அன்றைக்கே பெயரும் விழுந்துவிட்டது. சூனியக்காரி என்று வெறுமனே சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அறுபதை நெருங்கிய மனுஷி. சூனியம் செய்தாலும் மூத்தவர் மூத்தவர்தானே. ஆகவே சூனியக்கா.

வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவர் குடிவந்த அதே கிழமைதான் என் மனைவி ஜெசிந்தா பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தது. முந்திய வருடம் நாலாம் மாதத்தில் ஒன்று எங்களைவிட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை. இந்தப் பிள்ளை சுகமாக வந்து சேரவேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு யோசனையே இல்லை. அந்த நேரம் பார்த்து ஆண்டவர் ஒரு சூனியக்காவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்?

பின்னேரம் பொழுது சாயும் நேரத்தில் சூனியக்கா தோட்டத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அண்ணாந்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு நீலக் கொப்பியில் குறிப்பார். அவர் பார்க்கும் திசையில்தான் எங்கள் படுக்கையறை யன்னல் இருந்தது. சந்திரனும் அதே திசையில்தான் இருந்தது என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "என்னக்கா பார்க்கிறியள்?"

"வெள்ளி, தம்பி. இண்டைக்கு நல்லாத் தெரியுது. உம்மட புகைக்கூட்டுக்கு நேர மேலை நிக்குது, பாரும்."

தெருவில் நாற்பது புகைக்கூடு இருக்க, என்னுடைய புகைக்கூட்டுக்கு மேல்தான் நிற்கிறதாம். "கொப்பியிலை என்ன எழுதுறியள்?" என்றேன்.

"அது சும்மா, ஒரு கணக்கு" என்று சிரித்தார். கடைக்காரர் சொன்ன அதே சிரிப்பு.

இனித்தான் ஐஸ்கிரீம் பெட்டிக்கு வருகிறேன். இரண்டு லீற்றர் வனிலா ஐஸ்கிரீம் வந்த பெட்டி. சூனியக்கா சந்திரனைப் பார்த்துப் பலகாரம் செய்கிறவர். அமாவாசைக்கு எள்ளுருண்டை. அரைச் சந்திரனுக்குக் கொழுக்கட்டை, அதே வடிவத்தில், ஓரத்தில் பல்லு வைத்து. பறுவத்துக்கு வட்ட வட்டமாகத் தேங்காய்ப் பிஸ்கட். செய்து, அந்தப் பெட்டியில் போட்டு, எங்கள் கதவைத் தட்டுவார். "பிள்ளைக்குக் குடும் தம்பி. வாய்க்கு நல்லா இருக்கும்."

கருவுக்கு ஆகாது என்கிற எள்ளுருண்டை, அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு! என் சந்தேகத்துக்கு இனி வேறு சாட்சி வேண்டியதில்லை.

வாங்காமல் விட்டால் கோபிப்பார். வாங்கித் தின்றால் என்ன நடக்குமோ தெரியாது. குப்பையில் சாப்பாட்டைப் போட எனக்குக் கை வராது. ஆகவே வேலையிடத்துக்குக் கொண்டுபோனேன். நான் அப்போது ஒரு பண்டகசாலையில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். என்னோடு பெட்டி அடுக்குகிற பீட்டர் என்ற கானா நாட்டுக்காரன் எதையும் மறுக்காமல் சாப்பிடுவான். முதல் எள்ளுருண்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அவனைக் கவனித்தேன். வயிற்று நோ இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் அவனுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று.

இதைவிடப் பெரிய சிக்கல் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது. எங்கள் சனத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சாதாரண ஆளுக்கே அப்படியென்றால், சூனியம் தெரிந்தவருக்கு வெறும் பெட்டியைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் எதைப் போடுவது? உப்பு, மிளகாய், தேசிக்காய், முட்டை எதுவும் கூடாது. அவையெல்லாம் அவருடைய தொழிலுக்கு உதவும். எங்கள் கைபட்ட சமையலும் கூடாது. கடைசியில், உடைக்காத பிஸ்கட் பைக்கற் ஒன்றைக் கையுறை போட்ட கையால் எடுத்துவைத்துக் கொடுத்தேன்.

சூனியக்கா கண் கலங்கிவிட்டார். "உந்தத் தெருவிலை ஒருத்தரும் எனக்கு ஒண்டும் தந்ததில்லைத் தம்பி" என்றார். அடுத்த கிழமை பெட்டி இன்னும் நிறைய வந்தது. நான் இன்னும் பெரிய பைக்கற் கொடுத்தேன். அதற்குப் பதில் வந்தது. இப்படி நான் யாரைக் கண்டு நடுங்கினேனோ அவரோடு தெருவிலேயே நெருங்கிய நட்பு எனக்குத்தான் என்று ஆகிவிட்டது.

இதற்குள் இன்னொரு விசயத்தையும் கவனித்தேன். பெட்டிக்குள் இருப்பவை தானாகக் குறைந்தன. வாங்கும்போது பன்னிரண்டு கொழுக்கட்டை. வேலைக்குக் கொண்டுபோக எடுக்கும்போது எட்டு. வீட்டில் இருப்பது நானும், சத்தி எடுத்து எடுத்துத் தண்ணீர் கூடக் குடிக்க முடியாமல் படுத்திருக்கும் ஜெசியும்தான். "இது மனுசர் செய்யிற வேலை இல்லை" என்று ஜெசியிடம் சொன்னேன். "ஓம், இருக்கும்" என்றாள், வாயைத் துடைத்தபடி.

இனியும் சும்மா இருக்க முடியாது என்று பாதுகாப்பு வேலைகளைத் தொடங்கினேன். கோயிலில் இருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து வேலி முழுக்கத் தெளித்தேன். பாம்பு, விஷம் எதுவும் அண்டாது என்று எங்கள் சனம் நம்பும் மடு மாதா கோயில் மண் மாத்திரைப் போத்தலில் கொஞ்சம் இருந்தது. அதை வீட்டின் நாலு மூலையிலும் தூவினேன். கதவில் சிலுவை. நாங்கள் கத்தோலிக்கர்தான் என்றாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். அதன் பிறகு தபால்காரர் கடிதங்களை எட்ட நின்று எறியத் தொடங்கினார். சூனியக்கா வாசலில் உப்புக் கோடு இன்னும் தடித்தது. பதிலடி கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஜெசிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது கிரகணம் வந்தது. சூரிய கிரகணம், பட்டப் பகலில், காலை பத்து மணிக்கு. வாட்ஸப்பில் உறவுக்காரர் இருபது பேர் எழுதிவிட்டார்கள்: பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, கத்தி தொடக்கூடாது. நான் விடிந்ததும் எழும்பி எல்லாத் திரைச்சீலையையும் இழுத்து மூடினேன். கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி வரை அலுமாரியில் பூட்டினேன். யன்னல் இடுக்கால் பார்த்தால், சூனியக்கா தோட்டத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதற்கு மேல் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் ஜெசி கட்டிலில் எழும்பி உட்கார்ந்து சொன்னாள். "இஞ்சாருங்கோ, நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு பிள்ளை துடிக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

எனக்கு முந்திய வருடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நித்திரையாக்கும். இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே. கிரகணம் முடியட்டும்."

"நாங்கள் வேதக்காரர்!"

"அது கிரகணத்துக்குத் தெரியாது, ஜெசி."

அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். கட்டிலடியில் கிடந்த செருப்பை எடுத்துச் சுவரில் ஓங்கி மூன்று தரம் அடித்தாள். அது ஏற்கனவே பேசிவைத்த அடி என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. அதற்குள் சூனியக்கா எங்கள் வாசலில் நின்றார். ஒரு கையில் இடியப்பத் தட்டு, கக்கத்தில் நீலக் கொப்பி.

"தம்பி, விலத்தும்."

"அக்கா, கிரகணம்..."

"கிரகணத்தை நான் பார்த்துக்கொள்ளுறன். நீர் காரை எடும்."

ஜெசியைப் போர்வையால் மூடியாவது கொண்டுபோவோம் என்று நான் கட்டிலைச் சுற்றி ஓடினேன். சூனியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணாந்து சூரியனைப் பார்த்தால்தான் கண்ணுக்குக் கூடாது. வயித்துக்கு ஒண்டும் செய்யாது. சரி, நான் குடை பிடிக்கிறன், உமக்குத் திருப்தியோ?" என்று சொல்லி, இடியப்பத் தட்டை ஜெசியின் தலைக்கு மேலே பிடித்தபடி நடந்தார். தட்டின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளாலும் வெயில் விழுந்து, ஜெசியின் சட்டை முழுக்க, வயிற்றின் மேலெல்லாம், குட்டிக் குட்டிப் பிறைகளாக இருந்தது. பயத்திலும் அந்த வடிவை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் தாதி, "கடைசியாக எப்போது அசைந்தது?" என்று கேட்க, நான் விழித்தேன். சூனியக்கா நீலக் கொப்பியை நீட்டினார். ஒரு பக்கத்தில் வெள்ளி, வியாழன், பிறை. மறுபக்கத்தில் ஒவ்வொரு நாளும் நான் வேலைக்குப் போன பிறகு வேலியடியில் ஜெசியிடம் கேட்டு எழுதியது: பிள்ளை இத்தனை தரம் துடித்தது. பதினைந்து, பதினாலு, பதினாறு. முந்தநாள் பதினைந்து. நேற்றுப் பின்னேரம்வரை ஒன்பது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் நான் மந்திரம் என்று நினைத்த கணக்கு அதுதான்.

தாதி அதற்குப் பிறகு நடக்கவில்லை, ஓடினார். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒப்பரேஷன் செய்து மகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நல்ல பெரிய சத்தம். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். "பின்னேரம்வரை பார்த்திருக்காமல் வந்தது நல்லது" என்றார் டொக்டர். நான் தலையாட்டினேன். யாரால் வந்தோம் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன்.

வெளியே மர வாங்கில் சூனியக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பையைத் திறந்து ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தார். உள்ளே கொழுக்கட்டை. கிரகணத்துக்கென்று காலையிலேயே அவித்ததாம். ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றை எடுத்துக் கடித்தேன். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். அழுகை வந்தது. பீட்டர் மேல் எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமையும் வந்தது.

"உமக்குப் பயம் எண்டு ஜெசி சொன்னவ" என்றார் சூனியக்கா. "அவ நாலைத் திண்டிட்டு மிச்சத்தை உமக்கு வைப்பா. ஆனால் தம்பி, உண்மையைச் சொன்னால், எனக்கும் உம்மிலை சரியான பயம். மூலைக்கு மூலை மண் போடுறீர், தேசிக்காய் கட்டுறீர், கையுறை போட்டுக்கொண்டு பிஸ்கட் தாறீர். அதுதான் வாசலிலை உப்பைக் கூட்டிப் போட்டனான்."

நான் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு கொப்பியை மூடிக்கொண்டு சொன்னார். "டென்மார்க்கிலை எனக்கும் ஒண்டு எட்டாம் மாதத்திலை போனது. துடிக்கிறதை எண்ணவேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. பின்னேரங்களில் வேலிக்கு மேலால் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடுவோம். இரண்டு பேரும் அண்ணாந்துகொண்டு நிற்பார்கள். கொட்டில் கூரையில் போத்தல்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் தேசிக்காயை நான் கழற்றிவிட்டேன். அவருடைய உப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, நத்தை அண்டாதாம். என்னை முழுதாக நம்பிவிட்டார் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அந்த ஐஸ்கிரீம் பெட்டி மட்டும் எங்கள் குசினி அலுமாரியில் இருக்கிறது. கழுவி, துடைத்து வைத்திருக்கிறேன். "தம்பி, என்ர பெட்டி எங்கை?" என்று காணும்போதெல்லாம் கேட்கிறார். "தாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதற்குள் எதை வைத்துக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.