ஸ்டாம்பை நேராக ஒட்டவும்

மத்தியதரைக் கடலில் எந்த மூலையில் மிதக்கிறான் என்று தெரியாத என் மகன் ரூபனுக்கு, போர்த்வீன் துறையிலிருந்து அப்பன் டிகரி பென்ஹாலோ ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் பன்றியும் சுகம். நீயும் மன்னரின் கப்பலும் சுகமென்று நம்புகிறேன். மற்றபடி, நீ ஒரு மடையன்.

நீ காதலிக்கும் டாம்ஸினுக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் படத் தபாலட்டை அனுப்புவது சந்தோஷம்தான். அட்டைக்கு உறை கிடையாது. அவள் கைக்குப் போகுமுன் தபாலாபீஸ் மிஸ் ஜேகோ படித்து, வரிசையில் நிற்பவர்கள் படித்து, எங்கள் போதகரும் கண்ணாடி மாட்டிப் படித்துவிடுகிறார். அதனால் இந்தக் காலத்துக் காதலர்கள் எழுத்தில் ஒன்றும் சொல்வதில்லையாம். ஸ்டாம்பை எப்படிச் சாய்த்து ஒட்டுகிறார்களோ அதுதான் சேதியாம். அர்த்தமெல்லாம் போட்டு அச்சடித்த படமே மிஸ் ஜேகோவின் மேஜையில் இருக்கிறது.

மால்டாவிலிருந்து வந்த அட்டையில் நீ ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டியிருந்தாய். அப்படியென்றால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’. டாம்ஸின் தெருவெல்லாம் காட்டினாள். அவள் அம்மா எங்களுக்கு ஒரு கிண்ணம் கிரீம் கொடுத்தனுப்பினாள். அடுத்து கோர்ஃபுவிலிருந்து ஸ்டாம்பு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது, அதற்கு ‘பதில் போடாதே’ என்று அர்த்தம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒட்டகப் படத்தோடு இரண்டு ஸ்டாம்புகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன. அப்படியென்றால் ‘நமக்குள் உறவு முறிந்தது’. “முடிஞ்சது கதை,” என்றாள் மிஸ் ஜேகோ.

“அன்பே, உன் நெனப்பாவே இருக்கேன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கானே,” என்றேன்.

“வாயால யாரு வேணா என்ன வேணா சொல்லுவாங்க பென்ஹாலோ. ஸ்டாம்பு பொய் சொல்லாது.”

அன்று மாலையே சேப்பலில் ஹார்மோனியம் வாசிக்கும் யூரையா, தலையில் எண்ணெய் வழிய, கையில் பூவோடு டாம்ஸின் வீட்டுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சம்மதம் சொல்லப்போகிறாள் என்று பேச்சு. உன் அம்மா சோறு தண்ணி இல்லாமல் அழுகிறாள். உனக்கு எழுதி, நீ பதில் போட்டு, அதற்குள் யூரையாவுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். நானே போனேன். டாம்ஸினின் அப்பா பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யூரையா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“என் பையனுக்கு ஸ்டாம்பு பாஷையெல்லாம் தெரியாதுங்க. கப்பல் எந்தப் பக்கம் ஆடுதோ அந்தப் பக்கம் ஒட்டுவான். அவன் சட்டைப் பொத்தானையே நேரா போட்டதில்ல,” என்றேன்.

“அப்போ பையன் மக்குன்னு சொல்றீங்க?”

“சத்தியமா.”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பய என் நாற்காலிய தேய்ச்சிருக்க மாட்டானே,” என்று யூரையாவை அனுப்பிவிட்டார். டாம்ஸினும் சிரித்துவிட்டாள்.

ஆகவே மகனே, இனி உன் உயிரே போனாலும் ஸ்டாம்பை நேராக, ராஜா தலை மேலே இருக்கும்படி ஒட்டு. கப்பல் ஆடினால் நிற்கும்வரை காத்திரு. ஈரக் காலுறையோடு தூங்காதே. கடலும் உன் மேலதிகாரிகளும் உன்னிடம் கருணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை மடையன் என்று சொல்லி மானம் காத்த அப்பன்,
டிகரி பென்ஹாலோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டாம்ஸின் வந்தாள். “மாமா, அவருக்கு ஸ்டாம்பு பாஷையே தெரியாதுன்னா, மால்டா கார்டுல தலைகீழா ஒட்டினதும் தெரியாமத்தானே?” என்று கேட்டாள். அதை மட்டும் தெரிந்தேதான் ஒட்டினான் என்று சொல்லிவைத்தேன். “அப்போ மத்ததும் தெரிஞ்சேதானே?” என்றாள். இப்போது அடுப்படியில் உன் அம்மாவும் அவளும் சேர்ந்து அழுகிறார்கள். உன் அடுத்த அட்டை வரும்வரை டாம்ஸின் பொறுப்பாளாம், அதற்கு மேல் மாட்டாளாம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. ஒரு அட்டை வாங்கி, ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டி, உடனே அனுப்பு. அதில் ஒன்றும் எழுத வேண்டாம், யாரும் படிப்பதில்லை.