துவக்கில்லாத ஸ்கோப் அண்ணை

துவக்கு வைத்திருப்பவர்கள் அதற்கு ஸ்கோப் வாங்குவது உலக வழக்கம். துவக்கே இல்லாமல், வாங்கும் எண்ணமும் இல்லாமல், இரவு வேட்டைக்கு ஏற்ற வெளிச்ச ஸ்கோப் தேடி ஒரு வருடமும் நாலு மாதமும் ஒக்லாந்துக் கடைக்காரர்களைக் கதிகலங்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளின் நடுவில் அவரோடு மங்கரே விமான நிலையத்துச் சரக்குக் கூடத்தில் பெட்டி தூக்கிய பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

துவக்கு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கி; ஸ்கோப் அதன்மேல் பூட்டிக் குறிபார்க்கும் குழாய். தமிழ்நாட்டு வாசகர்கள் இதை இப்போதே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சொல்லில்தான் ஓர் உயிர் தப்பியது.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஸ்கோப் அண்ணை. மன்னாரில் அரசாங்க சேவையராக, அதாவது நில அளவையாளராக, இருந்தவர். இருபது வருடம் முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வன்னிக் காடுகளை அளந்தவர். அவருடைய பத்திரங்கள் இந்த நாட்டில் செல்லவில்லை. செல்லாவிட்டால் என்ன, பழக்கம் விடுமா? பெட்டிகளை அடுக்கும்போதும் இடது கண்ணை மூடி, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அரை அங்குலம் பிசகியிருந்தாலும் முழு அடுக்கையும் இறக்கி ஏற்றச் சொல்வார். எங்கள் கங்காணி கெவினுக்கு இது மிகவும் பிடிக்கும். முதுகு வலித்த எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

வினை தேநீர் அறையில் தொடங்கியது. கெவினுக்கு நகரத்துக்கு வடமேற்கே ஒரு சின்னப் பண்ணை இருந்தது. இன்றைக்கு வெஸ்ட்கேட் கடைத்தொகுதி நிற்கிற இடத்தையும் தாண்டிப் போகவேண்டும். பண்ணையில் புல்லைவிட முயல் அதிகம் என்று அவன் அலுத்துக்கொண்டபோது, ஸ்கோப் அண்ணை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்கட காட்டில நாங்கள் மாசம் மாசம் இரவு வேட்டைக்குப் போறனாங்கள்" என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார். "நாங்கள் மான் சுட்டிருக்கிறம். பன்றி சுட்டிருக்கிறம்."

கெவின் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். துவக்கு தன்னிடம் இரண்டு இருக்கிறது, இருட்டில் பார்க்கிற ஸ்கோப்தான் இல்லை, நீ ஒன்றைக் கொண்டு வா, முயல் எல்லாம் உனக்குத்தான் என்றான். அன்று முதல் கூடத்தில் அவருக்குத் தனி மரியாதை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அண்ணை என் காதருகில் குனிந்தார்.

"தம்பி, ஒரு சிக்கல். நான் வாழ்க்கையில துவக்கைத் தொட்டதே இல்லை."

"அப்ப மான் சுட்டது?"

"சுட்டது ஊர்ப் பெடியள். நான் டோர்ச் பிடிச்சனான்."

"பின்னை ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லேல்லை. பன்மையில சொன்னனான்."

உண்மையைக் கெவினிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வேட்டை பொய்யெண்டு தெரிஞ்சால், நான் சேவையர் எண்டதையும் பொய்யெண்டுதான் நினைப்பான். இந்த நாட்டில அதை நம்புற ஒரே ஆள் அவன்தான்."

அவர் சொன்னது சரி.

ஆகவே அண்ணை ஒரு தந்திரம் செய்தார். ஸ்கோப் இல்லாமல் வேட்டை இல்லை. நல்ல ஸ்கோப் கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருக்கலாம். கெவின் கேட்கும்போதெல்லாம், "தேடுறன், மலிவாயும் இருக்கவேணும், திறமாயும் இருக்கவேணும்" என்று சொல்லிக்கொள்ளலாம். தந்திரம் நல்லதுதான். ஆனால் முதல் கடையில் முதல் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்த கணத்தில் மனுசன் விழுந்துவிட்டார். அளவைக் கருவியை விட்டு மூன்று வருடத்துக்குப் பிறகு கண்ணுக்கு முன்னால் அதே குறுக்குக் கோடு! கடைக்காரர் திருப்பிக் கேட்டபோது கொடுக்க மனமில்லாமல் நின்றதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாது. அந்தக் காலத்தில் கடைகள் இரவு ஒன்பது மணிவரை திறந்திருப்பது வெள்ளி மட்டும்தான். அண்ணை சவரம் செய்து, கோட்டுப் போட்டு, கண்ணாடி துடைக்க வெள்ளைத் துணி ஒன்றை மடித்துப் பையில் வைத்துப் புறப்படுவார். துணைக்கு நான். என்னோடு வீட்டைப் பங்குபோட்டிருந்த கும்பகோணத்து ராஜகோபாலும் வருவான். அவனிடம்தான் கார் இருந்தது.

வெளிச்ச ஸ்கோப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஸ்கோப்பில் குறுக்குக் கோடு கறுப்பு. இருட்டில் கறுப்புக் கோடு தெரியாது. அதற்காகச் சட்டைப் பொத்தான் அளவு பற்றரி ஒன்றைப் போட்டு, கோட்டின் நடுவில் சிவப்பாக ஒளிர வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு திருகு; திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு அண்ணை வகுத்த சட்டங்களோ ஏராளம்.

"தம்பி, பத்து மடங்கு பெருசாக் காட்டும் எண்டு சொல்லுவினம். மயங்கக் கூடாது. பெருசாக்க ஆக்க இருட்டும் கூடும். நாலு மடங்கு காணும். முன் கண்ணாடி அகலமா இருக்கவேணும். முழுக்கோடும் எரியக் கூடாது, நடு மட்டும் எரியவேணும். முக்கியமானது, வெளிச்சத்தைக் குறைக்கேக்க நல்லாக் குறையவேணும். கூட வைச்சால் சிவப்புத்தான் தெரியும், முயல் தெரியாது."

ஜெர்மன் சாமான் எல்லாச் சட்டத்துக்கும் அடங்கியது, விலைக்கு மட்டும் அடங்கவில்லை. அதை வாங்கும் காசுக்கு ராஜகோபாலின் காரை வாங்கி மிச்சத்துக்குப் பெற்றோலும் அடிக்கலாம். மலிவுச் சாமான்களில் ஒன்று திருகைத் தொட்டால் அணைந்தது. இன்னொன்றில் நடுக்கோடு நடுவில் இல்லை. "கால் பாகை சரிவு" என்று அண்ணை அதைக் கடைக்காரர் கையில் வைத்தார். கடைக்காரருக்குப் பாகை விளங்கவில்லை, முகத்தில் இருந்த அருவருப்பு விளங்கியது.

இருட்டில் பார்க்கும் சாமானை வெளிச்சத்தில் எப்படிச் சோதிப்பது? ஒரு கடையில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். மறுத்தார்கள். இன்னொரு கடையில் ஸ்கோப்போடு சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிடம் ஆயிற்று. கடைக்காரர் கதவைத் தட்டினார். உள்ளிருந்து, "கண் இருட்டுக்குப் பழக இன்னும் பத்து நிமிசம் வேணும்" என்று குரல் வந்தது.

ராஜகோபாலுக்கு இந்த விவகாரத்தின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருநாள் காரில் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"என்னங்க அண்ணே, இவ்ளோ நாளா பாக்குறீங்க, ஒண்ணும் வாங்க மாட்டேங்கிறீங்களே?"

"துவக்கு இருந்தால் தானே தம்பி அவசரம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். துவக்குங்க! துவக்கினாத்தானே முடியும்?"

நான் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நின்று விளக்கினேன். ஆமா ஆமா என்று தலையாட்டினான். அடுத்த வாரம் திரும்பவும் மறந்துபோனான்.

கடைசியில் ஒரு கடைக்காரர் சரணடைந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்த ஜப்பான் ஸ்கோப்பை எடுத்து, பாதி விலை என்றார். ஒரே நிபந்தனை, இனி வெள்ளிக்கிழமைகளில் வரக் கூடாது. அண்ணை அதை ஏற்கெனவே ஆறு தடவை சோதித்திருந்தார். நாலு மடங்கு, நடு மட்டும் சிவப்பு, குறைத்தால் நன்றாகக் குறையும். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காமல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டார். கார் வீட்டை நெருங்கும்போதுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

"ஐயோ தம்பி, வாங்கிப்போட்டன்!"

வேட்டைக்கு நாள் குறித்தாயிற்று. நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஹில்ஸ்பரோ சரிவில் ஒரு வெளியில் ராஜகோபாலை வெள்ளைப் பனியனோடு நிறுத்தி வைத்தார். கையில் அடிக்கணக்குக் குறித்த கம்பு. நூறு யார், எண்பது யார் என்று கெஜக்கணக்கில் அவனை நகர்த்தி நகர்த்தி, ஸ்கோப்பின் கோடுகளுக்கு நடுவில் கம்பு எத்தனை அடி அடங்குகிறது என்று கொப்பியில் எழுதினார். அதை வைத்து, உயரம் தெரிந்த எதுவும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாமாம். அண்ணையின் மனைவி ஒரு போத்தல் தேநீரோடு வந்து பார்த்தார். "சுடப் பழகுங்கோ எண்டால் இந்த மனுசன் காணி அளக்குது" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குறித்த சனிக்கிழமை பின்னேரம் பண்ணைக்குப் போனோம். கெவின் ஸ்கோப்பைத் தன் துவக்கில் பூட்டி, தகரப் பேணியைச் சுட்டுச் சரிபார்த்தான். அண்ணை அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேலிக் கட்டைகளின் உயரத்தைச் சாணால் அளந்துகொண்டு திரிந்தார். பயம் வந்தால் சிலர் கும்பிடுவார்கள், அவர் அளப்பார்.

இருட்டியது. கெவினின் பழைய லொறியை வேலிப்பக்கம் முகம் பார்க்க மேட்டில் நிறுத்தினோம். ராஜகோபால் சாரதி ஆசனத்தில். கெவின் இரண்டாவது துவக்கோடு ஒரு பக்கம். டோர்ச் என் கையில். அண்ணை லொறியின் பின்தட்டில் ஏறி, ஸ்கோப் பூட்டிய துவக்கோடு முன்கூரையில் குப்புறச் சாய்ந்து கண்ணை ஸ்கோப்பில் வைத்தார்.

வேலியோரப் புல்லுக்குள் இரண்டு கண்கள் மின்னின.

"முயல்" என்றான் கெவின். "சுடு, மேட்."

அண்ணை சுடவில்லை. திருகைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். உதடு மட்டும் அசைந்தது. "வேலிக்கட்டை நாலடி... தொண்ணூற்றாறு யார்... கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில..." கெவின் பொறுத்துப் பார்த்தான். பிறகு, நீ சுடாவிட்டால் நான் சுடுகிறேன் என்று தன் துவக்கைத் தூக்கினான்.

அண்ணை துள்ளி நிமிர்ந்தார். அந்த அவசரத்தில் இருபது வருட அரசாங்க ஆங்கிலமும் அவரைக் கைவிட்டது.

"வேண்டாம்! அது முயலில்லை! துவக்கு! துவக்கைக் கீழ வை! துவக்கு! துவக்கு!"

கெவினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்த கும்பகோணத்துக்கு ஒரு சொல் நன்றாக விளங்கியது.

"இதோ துவக்கிட்டேண்ணே!"

சாவியைத் திருகினான். லொறி உறுமியது. முன்விளக்கு இரண்டும் பளீரென்று எரிந்தன. அந்த வெளிச்சத்தில், கழுத்தில் மணியும் நீல நாடாவும் கட்டிய ஒரு வெள்ளை ஆடு மெல்ல எழுந்து நின்று எங்களைப் பார்த்து, "மே" என்றது.

அது டெய்சி. கெவினின் மனைவி புட்டிப் பால் கொடுத்து வளர்த்த ஆடு. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து புல்லில் படுத்திருந்தது. கெவின் துவக்கிலிருந்து குண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தானும் கீழே உட்கார்ந்தான். "சுட்டிருந்தால் அவள் என்னை ஆட்டுக்குப் பக்கத்தில் புதைத்திருப்பாள்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

அண்ணை மெதுவாக ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தார். அந்தத் தூரத்தில் அந்த அளவு இடைவெளியில் கண் உள்ள முயல் இருந்தால் அதற்கு ஒரு மாட்டின் தலை இருக்கவேண்டும் என்று கணக்கைச் சொன்னார். சொல்லி முடித்துத் தொண்டையைச் செருமினார்.

"கெவின், நான் ஒருநாளும் சுட்டதில்லை. மற்றவர்கள் சுட்டார்கள், நான் டோர்ச் பிடித்தேன். ஆனால் நான் சேவையர். அது மட்டும் உண்மை."

கெவின் எழுந்து, ஒன்று இரண்டு என்று யார்க்கணக்கில் அடி வைத்து ஆட்டை நோக்கி நடந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகைப் பார்த்தபடி அண்ணை ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு நின்றார். அங்கிருந்து கெவின் கத்தினான்.

"தொண்ணூற்றேழு!"

"கடைசி அடி சின்னன்" என்று அண்ணை திருப்பிக் கத்தினார். "ஆட்டைத் தடவ அவசரப்பட்டிட்டாய்!"

கெவின் சிரித்த சிரிப்பில் பண்ணையில் மிச்சமிருந்த முயல்களும் ஓடியிருக்கும். திங்கட்கிழமை தேநீர் அறையில் எல்லோர் முன்னாலும் அவன் அவரைச் சேவையர் என்றுதான் கூப்பிட்டான். கூப்பிட்டதோடு நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த இடமெல்லாம் சொல்லிவைத்தான். எட்டு மாதம் கழித்து ஒரு சின்ன அளவைக் கந்தோர், அதாவது அலுவலகம், அண்ணையைக் கம்பு பிடிக்க எடுத்தது. ராஜகோபால் பார்த்த அதே வேலை. இன்னும் ஒரு வருடத்தில் கருவியை அவர் கையில் கொடுத்தார்கள். அன்று இரவு தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கோடு நடுவிலதான் நிக்குது" என்றார்.

அண்ணை காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அக்கா அந்த ஸ்கோப்பை வெள்ளைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அதற்கென்று சொந்தமாக ஒரு துவக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை, பற்றரி மட்டும் வருடா வருடம் மாற்றுகிறேன். சில பின்னேரங்களில் ஜன்னலடியில் நின்று, இடது கண்ணை மூடி, கடலுக்கு அப்பால் மங்கரே விளக்குகளைப் பார்ப்பேன். எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. எவ்வளவு தூரம் என்று சொல்லத்தான் ஆளில்லை.